கரப்பான்பூச்சிகிட்ட பேச மாட்டேன்னு சொன்ன ஹீரோ

சீரியலுக்கு வசனம் எழுத ஆரம்பிச்சு எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. சீன் பேப்பரைக் குடுத்துட்டு ஓரமா நிக்கணும், ப்ராம்ப்ட் பண்ற பையன் வாசிக்க வாசிக்க ஆர்ட்டிஸ்ட் திருப்பிச் சொல்லுவாங்க, போற வழியிலயே பாதி வரி காணாமப் போயிடும். ஒரு தடவ, பொண்ணு கல்யாணமாகிப் போன மறுநாள் அப்பா அவ விட்டுட்டுப் போன பழைய செருப்பைத் துடைச்சு வாசல்ல வைக்கிறார்னு எழுதியிருந்தேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து எழுதினது. நடிச்சவர் "நான் எதுக்குங்க செருப்பைத் தொடணும்"னார், டைரக்டரும் "விடுங்க சார், சோபாவுல உக்காந்து அழுதுருங்க, போதும்"னுட்டார். நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

அன்னிக்குதான் ஹாலிவுட் டைரக்டர் பில்லி வைல்டரோட கரப்பான்பூச்சி ஞாபகம் வந்துச்சு.

வைல்டர் 1906ல, இன்னிக்குப் போலந்துல இருக்கிற ஒரு சின்ன ஊர்ல பொறந்த யூதர். வியன்னாவுல நிருபர் வேலை, பெர்லின்ல படத்துக்குக் கதை எழுதுற வேலை, 1933ல ஹிட்லர் வந்ததும் பாரிஸுக்கு ஓட்டம், அடுத்த வருஷம் ஹாலிவுட், அதுவும் இங்கிலீஷே சரியா வராம. விசா முடிஞ்சதும் நாட்ட விட்டு வெளிய போய் புதுசா வாங்கிட்டு வரணும்னு மெக்சிகோ எல்லையில மெக்சிகாலிக்குப் போறார், கையில தேவையான பேப்பர் பாதிகூட இல்ல. அங்க இருந்த அமெரிக்க அதிகாரி என்ன வேலை பாக்கறேன்னு கேக்க, படத்துக்கு எழுதறேன்னு இவர் சொல்ல, அந்த மனுஷன் கொஞ்சம் யோசிச்சு முத்திரையைக் குத்திட்டு "நல்ல படமா எழுது"ன்னு அனுப்பி வச்சாராம். 1988 ஆஸ்கர் மேடையில இதைச் சொல்லித்தான் அந்த அதிகாரிக்கு நன்றி சொன்னார்.

அந்தக் காத்துக்கிடந்த வலியைத்தான் 'ஹோல்ட் பேக் த டான்'ங்கற படத்துல எழுதினார், கூட எழுதினவர் சார்லஸ் ப்ராக்கெட். ஹீரோ விசா கிடைக்காம எல்லை ஊர்ல ஒரு அழுக்கு ஹோட்டல் ரூம்ல கிடக்கிறான், சுவத்துல ஏறுற கரப்பான்பூச்சியைக் குச்சியால மறிச்சு, எல்லையில நிக்கிற அதிகாரி மாதிரி "எங்க போற, விசா இருக்கா"ன்னு விசாரிக்கிறான். ஒரு பூச்சியை வச்சு அவன் நிலைமை மொத்தத்தையும் சொல்லிட்டார் பாருங்க. ஆனா ஹீரோவா நடிச்ச சார்லஸ் போயே, பதில் சொல்லாத பூச்சிகிட்ட நான் என்னத்தப் பேசுறதுன்னு மறுத்துட்டார், டைரக்டர் மிட்செல் லைசனும் சரின்னுட்டார். ஸ்டுடியோ பக்கத்து ரெஸ்டாரண்ட்ல சார்லஸ் போயே வாயாலயே இதைக் கேட்ட வைல்டர், பூச்சிகிட்ட பேச மாட்டான்னா இவன் வேற யார்கிட்டயும் பேச வேணாம்னு, கடைசிப் பகுதியில மிச்சமிருந்த நல்ல வசனத்தையெல்லாம் ஹீரோயின் பக்கம் தள்ளிவிட்டாராம். இதைப் படிச்சப்போ எனக்கு வந்த சந்தோஷத்தை வெளிய சொல்லக்கூடாது.

படம் 1941ல வந்துச்சு, 1942ல வைல்டர் ஹாலிவுட்ல டைரக்டர் ஆயிட்டார். எழுதினதைக் காப்பாத்திக்கத்தான் டைரக்டர் ஆனேன்னு அவரே சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் அவர் செட்ல வசனத்தை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. ஆனா 'சம் லைக் இட் ஹாட்' எடுக்கும்போது மர்லின் மன்றோவுக்கு "பர்பன் எங்க"ங்கற (பர்பன்னா ஒரு வகை விஸ்கி) ஒரு துண்டு வசனம் டேக் மேல டேக் போயும் வரலைன்னு, டிராயருக்குள்ள எழுதி ஒட்டி வச்சாங்கன்னு சொல்லுவாங்க. ப்ராம்ப்ட் பண்ற நம்ம பையன்கிட்ட இதைச் சொன்னேன், ஒரு வாரம் அவன் நடையே மாறிடுச்சு.

எனக்கு இதைவிடப் பெரிய விஷயமாப் படுறது வேற. இவ்வளவு பிடிவாதக்காரர் தனியா உக்காந்து எழுத மாட்டார், ரூம்ல இன்னொரு ஆள் வேணும். ப்ராக்கெட் ஹார்வர்ட்ல சட்டம் படிச்ச, நிதானமான பழமைவாதி, எல்லாத்துலயும் இவருக்கு நேர் எதிர், ரெண்டு பேரும் கத்திச் சண்டை போட்டுக்கிட்டே 1950ல வந்த 'சன்செட் பொலிவார்ட்' வரைக்கும் எழுதினாங்க, அதுக்கு ஆஸ்கரும் வாங்கினாங்க, அதோட சேர்ந்து எழுதுறது நின்னு போச்சு. நடுவுல 'டபுள் இண்டெம்னிட்டி' கதை ரொம்ப அசிங்கம்னு ப்ராக்கெட் ஒதுங்க, துப்பறியும் நாவல் எழுதுற ரேமண்ட் சாண்ட்லரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவருக்கு வைல்டரைக் கண்டாலே ஆகல. முகத்துக்கு நேரா கைத்தடியை ஆட்டறார், ப்ளீஸ்ங்கற வார்த்தையே இல்லாம ஜன்னல் திரையை இழுத்து விடச் சொல்றார், எழுதிட்டிருக்கும்போதே பொண்ணுங்களோட ஃபோன் பேசறார்னு பட்டியல் போட்டுப் புகார் குடுத்தாராம். அப்படி எழுதின படம்தான் ஏழு ஆஸ்கர் நாமினேஷன் வாங்குச்சு. படத்துல ஒரு சீன்ல ஆபீஸ் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து புத்தகம் படிக்கிற ஆள் சாண்ட்லர்தான், பாத்தவங்க பல பேர் கவனிச்சே இருக்க மாட்டாங்க.

கடைசியா வந்த ஐ.ஏ.எல். டயமண்ட்தான் நிலைச்சார். 1957ல வந்த படத்துல ஆரம்பிச்சு 1981 வரைக்கும். வைல்டர் குச்சியோட ரூமுக்குள்ள நடந்துக்கிட்டே இருப்பார், டயமண்ட் டைப்ரைட்டர் முன்னாடி அசையாம உக்காந்திருப்பார். ஒரு ஐடியா ரொம்பப் பிடிச்சிருந்தா டயமண்ட் வாய்ல இருந்து வர்ற அதிகபட்சப் பாராட்டு "செய்யலாமே". 'தி அபார்ட்மெண்ட்'டுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்க்ரிப்ட் ஆஸ்கர் வாங்கினாங்க, அதே ராத்திரி வைல்டருக்கு டைரக்டரா ஒண்ணு, தயாரிப்பாளரா ஒண்ணு.

'சம் லைக் இட் ஹாட்' கடைசி வசனத்தை, "யாருமே முழுசா சரியில்லையே"ங்கற அர்த்தத்துல வர்றதை, சொன்னது டயமண்ட். பொம்பளை வேஷத்துல இருந்துட்டு நான் ஆம்பளைடான்னு விக்கைக் கழட்டினவன்கிட்ட, கட்டிக்கப் போற கிழவன் கொஞ்சம்கூட அசராம சொல்றது. ரெண்டு பேருக்குமே அது போதும்னு தோணல, இப்போதைக்கு இது இருக்கட்டும், நல்லதாத் தோணினா மாத்திக்கலாம்னு பேப்பர்ல போட்டு அனுப்பினாங்க. கடைசி வரைக்கும் வேற தோணவே இல்ல. அது என்னோடது இல்ல, டயமண்டோடதுன்னு வைல்டர் கேட்டவங்ககிட்டயெல்லாம் சொன்னார்.

டயமண்ட் 1988ல போயிட்டார். வைல்டர் அதுக்கப்புறம் பதினாலு வருஷம் இருந்தார், பெவர்லி ஹில்ஸ்ல இருந்த ஆபீஸுக்குப் போய்ட்டு வந்துட்டுதான் இருந்தார், படம் ஒண்ணும் வரல.

இப்ப என்கூட ஒரு பொண்ணு எழுதுறா, இருபத்தஞ்சு வயசு. செருப்பு சீனைப் படிச்சுக் காட்டினேன், "அண்ணா, துடைக்க வேணாம், அவர் சும்மா அதைத் தாண்டிப் போகட்டும்"னா. நல்லாத்தான் இருக்கு. இன்னும் அவகிட்ட சொல்லல.