கடைசி வரிசை

அந்த அட்டவணையின் கடைசி வரிசையை நீக்கச் சொன்னது நான்தான். மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. செய்தது சரியா என்று இன்னும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுவசதிக் கொள்கைகளை ஒப்பிடும் அறிக்கை அது. மேலே வியன்னா, சிங்கப்பூர், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம், பிரிட்டன். பக்கவாட்டில் கேள்விகள்: நிலம் எப்படிக் கிடைத்தது, கட்டப் பணம் எங்கிருந்து வந்தது, பராமரிப்புச் செலவு யார் தலையில் விழுந்தது, வாடகையா சொந்தமா. என்னோடு வேலை பார்த்த இளம் ஆய்வாளர் அதற்கும் கீழே ஒரு வரிசையைத் தானாகவே சேர்த்திருந்தார். 'வெளியே நின்றவர்கள்' என்று தலைப்பு. எந்தத் திட்டத்தில் யாருக்கு வீடு கிடைக்கவில்லை என்பதுதான் அதில் இருந்தது.

"இது வேண்டாம், எடுத்துடலாம்" என்றேன்.

"எடுத்துட்டா, எல்லாருக்கும் வீடு கிடைச்சுதுன்னு நாமே சொன்ன மாதிரி ஆயிடும் மேடம்."

"அடிக்குறிப்புல போட்டுக்கலாம்."

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான் பேச்சு. அட்டவணை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பிறகு அடிக்குறிப்புக்கும் இடம் இல்லாமல் போனது. அவர் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை.

என் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்பீடு என்றால் ஒரே கேள்விக்கு ஒரே வகையான பதில் வேண்டும். அந்த வரிசையின் நான்கு கட்டங்களும் நான்கு விதம். வியன்னாவில் நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க நகரில் 2 ஆண்டுகள் பதிவு செய்து குடியிருந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர் வெளியே. சிங்கப்பூரில் திருமணமாகாதவர், பொதுவாக, 35 வயதுக்கு முன் அரசு அடுக்குமாடி வீட்டைத் தனியாக வாங்க முடியாது. பிரிட்டனில் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகைக்கு இருந்தவர்களே தங்கள் நகராட்சி வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றானது. விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டாததால் வரிசையில் காத்திருந்தவருக்கு வீடு குறைந்துபோனது. அவரை வெளியே நிறுத்த விதி எதுவும் எழுதப்படவில்லை. முதல் இரண்டும் விதிகள், இது ஒரு விளைவு. இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் எப்படி வைப்பது? இன்று கேட்டாலும் இதையே சொல்வேன்.

ஆனால் செயின்ட் லூயிஸ் கட்டம் என்னை விடுவதில்லை.

அந்த நகரத்தில் ஏழைகளுக்காக அரசு கட்டிய ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பு என்றதும், 11 மாடி உயரத்தில் 33 கட்டடங்கள், 1950களில் கட்டி 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள் என்பதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அடுக்குமாடி ஏழைகளுக்கு ஒத்துவராது என்பதற்கு அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். அது தவறு என்று காட்டத்தான் பராமரிப்பு பற்றிய வரிசையைப் போட்டிருந்தேன். கட்டியது மத்திய அரசின் பணத்தில். பராமரிப்போ குடியிருந்தவர்கள் கொடுத்த வாடகையில். நகரத்தை விட்டு மக்கள் வெளியேற, வீடுகள் காலியாக, வாடகை வரவு சரிந்தது. மின்தூக்கி பழுதானால் சரிசெய்யக் காசில்லை. அதைவிட உயரமான கட்டடங்களில் சிங்கப்பூர்க்காரர்கள் இன்றும் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். அறிக்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரிசை அதுதான்.

அதே நகரத்துக்கு, கடைசி வரிசையில், அந்த இளம் ஆய்வாளர் எழுதியிருந்தது: 'குழந்தைகளின் தந்தை'. அரசு உதவித்தொகை பெறும் குடும்பத்தில் உடல்நலமுள்ள ஆண் இருக்கக் கூடாது என்பது அப்போதைய நடைமுறை. உதவி வேண்டுமென்றால் அப்பா அந்த வீட்டில் இருக்க முடியாது. அன்றைக்கு இதை உருக்கமான ஒரு தகவலாக மட்டுமே படித்தேன். பல மாதங்கள் கழித்து வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: வெளியே நிறுத்தப்பட்ட அந்த ஆள் வாடகை கொடுத்திருக்கக்கூடியவர். வாடகை குறைந்தால் பராமரிப்பு நின்றுபோகும் என்று நான் பெருமையாக எழுதியதற்கு ஒரு காரணம், நான் நீக்கிய வரிசையில் இருந்திருக்கிறது. எவ்வளவு பெரிய காரணம் என்று அளந்து சொல்ல முடியாது. அதற்காக இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதன் பிறகு எந்த எண்ணைப் பார்த்தாலும் வெளியே நின்றது யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் சுமார் 80 சதவீதம் பேர் அரசு அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள் என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே வைத்துப் போட்டது. கட்டட வேலைக்குத் தற்காலிக அனுமதியில் வந்து தங்கியிருப்பவர்கள் அந்த 80இலும் இல்லை, மீதி 20இலும் இல்லை. இது தெரியாமல் நான் எழுதவில்லை. தெரிந்தும் எழுதத் தோன்றவில்லை, அதுதான் வலிக்கிறது.

இதற்காக நல்ல திட்டங்களைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டால் நில விலை விழுந்திருந்த நேரத்தில் மனை வாங்கி, 1923இல் பணக்காரர் மீது கூடுதலாக விழும்படி வீட்டுவரி போட்டு, பத்தே ஆண்டுகளில் 60,000 வீடுகளுக்கு மேல் கட்டியது வியன்னா. அதன் எதிரில் '2 ஆண்டுப் பதிவு' என்று ஒரு வரி எழுதினால், படிப்பவர் இரண்டையும் ஒரே எடையில் வைத்துப் பார்த்துவிடுவாரோ என்ற பயம் அன்றும் இருந்தது. இன்றும் இருக்கிறது.

இப்போது வேறொரு ஒப்பீடு செய்கிறேன். கடைசி வரிசையை நானே போட்டிருக்கிறேன். தலைப்புதான் அமையவில்லை. 'விடுபட்டவர்கள்' என்றால் தற்செயலாக நடந்ததுபோல் இருக்கிறது. 'விலக்கப்பட்டவர்கள்' என்றால் பிரிட்டன் காத்திருப்போருக்குப் பொருந்தாது. 'வெளியே நின்றவர்கள்' இரண்டுக்கும் பொருந்துகிறது. அது அவருடைய தலைப்பு. எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவரிடம் கேட்க வேண்டும். இரண்டு முறை கடிதம் எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.