வீட்டுக்கு மட்டும் வராதீங்க மேடம்

ஒரு டிபி பேஷண்ட் பொண்ணு கிட்ட நான் சொன்னது ஒரே வரிதான். "நீங்க தினமும் கால் மட்டும் பண்ணிடுங்க, வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க." அந்த நேரத்துக்கு அது சரியான பதில்னுதான் தோணுச்சு, இன்னைக்கும் பாதி நேரம் அப்படித்தான் தோணுது, மீதி பாதி நேரம்தான் தூக்கம் கெடுது.

டிபி ப்ரோக்ராம்ல வேலை பாத்தவங்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். மாத்திரை அட்டைய சுத்தி ஒரு கவர் இருக்கும், மாத்திரைய அமுக்கி எடுத்தாதான் பின்னாடி மறைஞ்சிருக்கற நம்பர் தெரியும், அந்த டோல் ஃப்ரீ நம்பருக்கு ஒரு ரிங் விட்டா நம்ம ஸ்க்ரீன்ல அன்னைக்கு கட்டம் பச்சையாகும். விடலன்னா மெசேஜ், ரெண்டு நாள் தொடர்ந்து இல்லன்னா போன், அதுக்கும் மசியலன்னா வீட்டுக்கு ஆள். யாரு எப்போ போகணும்னு எங்க ப்ராஜெக்ட்ல எழுதின டீம்ல நானும் இருந்தேன், சரியா எழுதினோம்னு பெருமை கூட இருந்துச்சு.

அந்த பொண்ணுக்கு பனியன் கம்பெனில செக்கிங் வேலை. லைன் வீடு, ஆறு குடும்பத்துக்கு ஒரே பாத்ரூம். டிபி மாத்திரைல இருக்கற ரிஃபாம்பிசின்ங்கற மருந்து உள்ள போனா யூரின் ஆரஞ்சு கலர்ல போகும்னு நாங்க எல்லா பேஷண்டுக்கும் "பயப்படாதீங்க, அது நார்மல்தான்"னு சொல்லி அனுப்புவோம். அவங்களுக்கு பயம் அதுல இல்ல. அடுத்து உள்ள போறவங்க பாத்துடக்கூடாதுன்னு ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திட்டு, திரும்ப ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுதான் வெளிய வருவாங்களாம். எங்க பயிற்சி கையேட்டுல இதுக்கு ஒரு வரி கிடையாது.

நடுவுல கட்டம் காலியாக ஆரம்பிச்சுது, ரூல் படி வீட்டுக்கு ஆள் போயாச்சு, அதுக்கப்புறம்தான் நான் பேசினேன்.

"வீட்டுக்கு மட்டும் வராதீங்க மேடம். அந்த சார் பைக்ல வந்தாரு, கழுத்துல ஐடி கார்டு, கைல ஒரு பைலு. ஓனரம்மா யாருன்னு கேட்டாங்க, குழு லோன் வசூல் பண்றவருன்னு சொல்லிட்டேன்."

"கடன் பாக்கின்னு நெனச்சா பரவால்லயா?"

"அது எல்லார் வீட்டுக்கும் வர்றதுதானுங்க மேடம்."

அப்போதான் நான் அந்த வரிய சொன்னேன். அவங்க திருப்பி கேட்டாங்க, "கால் பண்ணா போதுங்களா?" நான் "ஆமாங்க போதும்"னேன்.

இந்த இடத்துலதான் நான் திரும்பத் திரும்ப வந்து நிக்கிறேன். "மாத்திரையும் போடணும்"னு ஒரு வார்த்தை சேத்திருக்கலாமேன்னு யாரும் கேக்கலாம். ஆனா அது அவங்களுக்கு தெரியாததா, அத்தனை நாள் போட்டவங்க கிட்ட அதையே சொல்றது நம்பாம பேசற மாதிரி இருக்காதா. காலைல வெறும் வயித்துல மூணு மாத்திரை, குமட்டல், ஏழு மணிக்கு கம்பெனி வண்டி, இதெல்லாம் வெச்சுகிட்டு இழுத்துட்டு வந்தவங்க அவங்க. அந்த நேரத்துல எனக்கு முக்கியமா பட்டது அவங்க போனை கட் பண்ணாம இருக்கணும்ங்கறதுதான். போனையும் எடுக்காம ஊர் மாறிப் போயிட்டா அப்புறம் எந்த கட்டமும் கிடையாது, இது நடந்து பாத்திருக்கேன்.

அடுத்த நாள்லேருந்து எல்லாம் பச்சை. ஞாயித்துக்கெழம கூட விடல.

ரிவ்யூ மீட்டிங்ல எங்க எஸ்டிஎஸ், அதாவது பேஷண்ட்ஸோட ட்ரீட்மெண்ட்ட கண்காணிக்கற சூப்பர்வைசர், அந்த ஸ்க்ரீன பாத்துட்டு சொன்னாரு, "மேடம், நீங்க அவங்கள மாத்திரை போட வெக்கல, எங்கள போகாம நிறுத்தி வெச்சிருக்கீங்க." எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். மனுஷன் வருஷக்கணக்கா பைக்ல சுத்தி சளி டப்பா வாங்கிட்டு வந்தவரு, ஸ்க்ரீன் பாத்து வேலை செய்யறவங்க மேல அவருக்கு ஒரு இளக்காரம் உண்டு, அதனால அத அப்போ நான் பெருசா எடுத்துக்கல.

ஆனா அவர் பக்கம் சரித்திரமே இருக்கு. 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சிதான் டிபிக்கு சானடோரியம்ங்கற தனி ஆஸ்பத்திரில படுக்க வேண்டாம், வீட்டுலயே இருந்து மாத்திரை போட்டா போதும்னு உலகத்துக்கே காட்டுச்சு, 1959ல ரிசல்ட் வந்துச்சு. இத நாங்க எல்லா ட்ரெய்னிங்லயும் பெருமையா சொல்வோம். வீட்டுல இருந்தவங்க மாத்திரை போட்டாங்களான்னு எப்படி தெரிஞ்சுதுன்னு கேட்டா, சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு போய் நின்னு மாத்திரைய எண்ணி, யூரின் வாங்கி டெஸ்ட் பண்ணிதான். அதாவது "வீட்டுலயே இருங்க"ங்கற சுதந்திரமே "நாங்க எப்ப வேணா வருவோம்"ங்கறதோட ஒட்டித்தான் வந்திருக்கு. எஸ்டிஎஸ் இதத்தான் கேக்கறாரு, வீட்டுக்கு போகாம என்ன டிபி ப்ரோக்ராம்னு. நியாயம்தான். ஆனா அந்த காலத்துல அப்படி வீட்டுக்கு போன நர்ஸ யாருன்னு ஓனரம்மா கேட்டப்போ அந்த வீட்டுக்காரங்க என்ன பொய் சொன்னாங்கன்னு எந்த ரிப்போர்ட்ல இருக்கும்?

இந்த மிஸ்டு கால் முறையையும் சென்னை, வேலூர், மும்பைன்னு பேஷண்ட் வீட்டுக்கு திடீர்னு போய் யூரின் டெஸ்ட் பண்ணி சரி பாத்திருக்காங்க. கால் பண்ணவங்க சிலர் யூரின்ல மருந்து இல்ல, கால் பண்ணாத சிலர் யூரின்ல மருந்து இருக்கு. எங்க லிஸ்ட்லயும் ஒரு பெரியவர் கட்டம் முக்கால்வாசி காலிதான், போன் மகன் கூட வேலைக்கு போயிடும், ஆனா மனுஷன் ஒரு வேளை விட்டதில்லன்னு அவர் சம்சாரம் காலி அட்டையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு கட்டி வெச்சு காட்டினாங்க. அதனால பச்சைய நான் என்னைக்குமே முழுசா நம்பினதில்ல, இருந்தாலும் இவங்களோட பச்சைய பாத்து சந்தோஷப்பட்டேன், மாச ரிப்போர்ட்லயும் போட்டேன்.

நடத்தை மாற்றம்னு நாங்க பேசற பேச்சுல மெசேஜ் எத்தன மணிக்கு போகணும், குரல் ஆணா பெண்ணா, சத்தான சாப்பாட்டுக்குன்னு அரசு குடுக்கற, அப்போ மாசம் 500 ரூபாயா இருந்த போஷன் பணம் எந்த தேதில ஏறினா நல்லதுன்னெல்லாம் மணிக்கணக்கா ஓடும். அது எதுவும் அவங்க கிட்ட வேலை செய்யல. வேலை செஞ்சது நாங்க வர மாட்டோம்ங்கறதுதான். அப்படின்னா நாங்க குடுத்த பரிசே எங்கள விட்டு விடுதலையான்னு யோசிச்சா ஒரு மாதிரி இருக்கு. அதுக்காக மிரட்டினேன்னு ஒத்துக்கவும் முடியல, ஏன்னா அவங்கதான் முதல்ல கேட்டாங்க, நான் குடுத்தேன்.

கடைசில ரெக்கார்ட்ல "ட்ரீட்மெண்ட் கம்ப்ளீட்டட்"னு முடிஞ்சுது. "க்யூர்டு"னு போடணும்னா கடைசி சளி டெஸ்ட் நெகட்டிவ்னு கைல இருக்கணும், அவங்களுக்கு சளியே வரல, இன்னொரு நாள் வரச் சொன்னா ஒரு ஷிப்ட் போயிடும்னாங்க, விட்டுட்டோம். வெயிட் 38லேருந்து 43 ஆயிருந்துச்சு. அப்போ மாத்திரை உள்ள போயிருக்குன்னுதான் அர்த்தம்னு நான் எஸ்டிஎஸ் கிட்ட சொன்னேன். அவரு "முட்டை சாப்பிட்டாலும் ஏறும் மேடம்"னாரு. நின்னு சண்டை போட்டேன், அரை மனசாத்தான்.

இப்போ வேற ப்ரோக்ராம், பிபி, சுகர். இது ஆறு மாசத்துல முடியற மாத்திரையும் இல்ல. பழைய ஷீட்டையே காப்பி பண்ணி, தவறினா வீட்டுக்கு விசிட்னு அப்படியே வந்திருக்கு. பிபிக்கு யாரும் ஒளிஞ்சுக்க மாட்டாங்க, அதனால பரவால்லன்னு டீம்ல சொல்றாங்க, இருக்கலாம். நான் மட்டும் அந்த ஷீட்ல புதுசா ஒரு கட்டம் சேத்து அனுப்பினேன்: முதல் நாளே பேஷண்ட் கிட்ட எங்க வந்து பாக்கலாம், யாருன்னு சொல்லிக்கணும்னு கேட்டு எழுதணும். ஏற்கனவே ஒருத்தர ரெஜிஸ்டர் பண்ண இருவது நிமிஷம் ஆகுது, இத யாரு எப்போ கேப்பாங்கன்னு பக்கத்துல கமெண்ட் போட்டிருக்காங்க. கேட்டிருக்கறது எங்க எஸ்டிஎஸ்தான், அவரும் இந்த ப்ரோக்ராமுக்கு வந்துட்டாரு. இன்னும் பதில் போடல.