7.24 மைக்ரானில் ஒரு சின்னப் பள்ளம்

எம்.எஸ்சி. படித்தபோது அகச்சிவப்பு நிறமாலை (ஒரு பொருள் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம், உறிஞ்சும் இடத்தில் பள்ளம் விழும்) எடுப்பதில் எனக்கிருந்த பெரிய தொல்லை தண்ணீர்தான். மாதிரியைக் கலந்து அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு உப்பு வில்லையில் துளி ஈரம் ஏறினாலும் 3400 செ.மீ.⁻¹ பக்கம், அதாவது அலைநீளத்தில் சுமார் 3 மைக்ரானில், அகலமான பள்ளம் விழுந்து மற்றதை மூடிவிடும். பிறகு விண்வெளிப் பனிக்கட்டியின் நிறமாலையைப் பார்த்தேன். அதே தண்ணீர்ப் பள்ளம், 3 மைக்ரான் பக்கம், அங்கேயும்! விண்வெளிப் பனியில் என்னென்ன மூலக்கூறுகள் உறைந்திருக்கின்றன என்று அறியும் இந்த ஆர்வம் அன்றைக்குப் பிடித்தது.

விண்வெளியில் வாயுவாகத் திரியும் மூலக்கூறு சுழலும், அந்தச் சுழற்சியை ரேடியோ தொலைநோக்கி பிடித்துவிடும். தூசியின் மேல் உறைந்துவிட்டால் சுழல இடமில்லை, நீளவும் வளையவும் மட்டுமே முடியும். அந்த அதிர்வுகள் தெரிவது அகச்சிவப்பில்தான்.

சிக்கல் என்னவென்றால், பள்ளம் ஒரே இடத்தில் நிற்காது. தனி எத்தனால் (மதுவில் உள்ள ஆல்கஹால்) பனியில் ஒரு இடம், தண்ணீர்ப் பனியில் கலந்தால் கொஞ்சம் தள்ளி, சூடேறினால் வடிவமே வேறு. அதனால் நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வகத்தில் காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள், சுமார் 15 கெல்வினுக்கு (மைனஸ் 258 டிகிரி செல்சியஸ்) குளிர்ந்த சின்ன ஜன்னல்மேல் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு உறைய வைத்து அளப்பார்கள், அப்புறம் மெல்லச் சூடாக்கி மறுபடி அளப்பார்கள், கலவையை மாற்றி முதலிலிருந்து மறுபடி. இப்படிச் சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறமாலைகள் அவர்களுடைய தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கின்றன.

இந்தப் பொறுமை எதற்கு என்பதற்கு 7.24 மைக்ரான் நல்ல சாட்சி. டபிள்யூ33ஏ என்ற இளம் விண்மீனைச் சுற்றிய பனியில் அந்த இடத்திலும் 7.41-லும் மெல்லிய பள்ளங்கள் இருப்பதாக 1999-லேயே கட்டுரை வந்தது. ஆனால் 7.24 பக்கம் எறும்பின் ஃபார்மிக் அமிலமும் உறிஞ்சும், எத்தனாலும் உறிஞ்சும். எதுவென்று எப்படிச் சொல்வது?

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வந்த பிறகுதான் கூர்மையான தரவு கிடைத்தது. வில் ரோச்சா தலைமையில் 2024-ல் வந்த ஆய்வில், ஆய்வக நிறமாலைகளை ஒன்றோடொன்று கூட்டி, ஐஆர்ஏஎஸ் 2ஏ, ஐஆர்ஏஎஸ் 23385 என்ற இரண்டு குழந்தை விண்மீன்களின் தரவோடு பொருத்தினார்கள். எத்தனால், அசிட்டால்டிஹைடு, மெத்தில் ஃபார்மேட், வினிகரின் அசெட்டிக் அமிலமும்கூட இருக்கலாம் என்று வந்தது. கிரகங்கள் உருவாகும் முன்பே, பனியில்!

செய்திகளில் தொலைநோக்கிப் படம்தான் வந்தது. எனக்கோ அந்த அளவீடுகளை ஒருங்கிணைத்த லெய்டன் ஆய்வகத் தலைவர் ஹரால்டு லின்னார்ட்ஸ் நினைவாகவே இருந்தது. கட்டுரை ஏற்கப்பட்ட கொஞ்ச நாளில், 2023 டிசம்பரில், எதிர்பாராமல் இறந்துபோனார். முடிவுகளை அவருக்கே காணிக்கையாக்கினார்கள்.