வெளிவந்த அன்றே பெயர் எழுத வேண்டாம்: பூ இலையானை இனங்காணும் மாணவருக்கு

களக் குறிப்பேட்டுக்குப் பூச்சி வளர்ப்பவர்கள் அதிகம் தவறுவது ஓரிடத்தில்தான். கூட்டை விட்டு வந்த பூ இலையானை (தேனீபோலத் தோன்றும் சிர்பிட் ஈ) அந்தக் காலையிலேயே நிறம் பார்த்துப் பெயரிட்டுவிடுகிறார்கள். அப்போது அதன் உடல் சாம்பல் பூத்து, மஞ்சள் பட்டைகள் வெளிறி, சிறகு பால்போல மங்கியிருக்கும். நிறத்தைப் படத்தோடு ஒப்பிட்டால் பெயர் பிழையாகும்.

யாழ்ப்பாணத்தில் கூடு தேட நல்ல இடம் பயிற்றங்கொடி. கறுப்பு அழுக்கணவன் மொய்த்த குருத்துக்குக் கீழுள்ள இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கண்ணீர்த் துளி வடிவில், ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கி, இலையோடு ஒட்டியிருக்கும். பக்கத்தில் தார்போலக் கறுப்பு எச்சம் கிடந்தால் அது நல்ல அடையாளம். கூடு கட்டுமுன் குடம்பி குடலைக் காலியாக்கிய தடயம் அது. கூட்டைப் பிய்க்காதீர்கள், தோல் கிழிந்துவிடும். இலையோடு நறுக்குங்கள்.

வாயகன்ற ஜாம் போத்தலில் ஈரம் பிழிந்த ரிஷூ ஒன்று, அதன்மேல் இலை, சாய்த்து வைத்த சொரசொரப்பான ஈர்க்கு ஒன்று. மூடிக்குப் பதில் மெல்லிய துணியும் றப்பர் பாண்டும். ஈர்க்கை மறந்தால் பூச்சிக்கு ஏறித் தொங்க இடமில்லை. சிறகு விரியாமல் சுருண்டபடியே இறுகிவிடும், பிறகு நரம்பு பார்க்க முடியாது. ரிஷூ சொதசொதத்தால் பூஞ்சணம் பிடிக்கும். எறும்புக்கு, சீனிப் போத்தலை வைப்பதுபோலத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். வெயில் படக்கூடாது.

கூடு கறுத்து, உள்ளே கண்ணும் பட்டையும் தெரிந்தால் நேரம் நெருங்கிவிட்டது. வெளிவந்ததும் ரிஷூவில் துளி எச்சம் விழும். அது நோயல்ல, கூட்டுப்புழுப் பருவக் கழிவு.

முதலில் வெற்றுக் கூட்டைப் பாருங்கள். பருத்த முனை மூடிபோலத் திறந்திருந்தால் வந்தது இலையான். ஓரத்தில் கடித்த ஓட்டை இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி. டிப்லசோன் இனக் குளவிகள் இப்படித்தான் வரும். நான்கு சிறகும் நீண்ட உணர்கொம்பும் அதை உறுதிசெய்யும். இலையானுக்கு இரண்டே சிறகு, பின்னால் குண்டூசித் தலைபோல இரு குமிழ்.

பிறகு ஒரு நாள் விடுங்கள். தேனை ஒன்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து பஞ்சில் நனைத்து வைத்தால் போதும். உடனே கொன்று ஊசி குத்தினால் வயிறு உள்வாங்கிச் சப்பையாகிவிடும்.

மறுநாள் பத்து மடங்கு வில்லையில், சிறகுக்குப் பின்னால் வெளிச்சம் வரப் பிடியுங்கள். சிறகின் நடுவே நீளமாக ஓடி, எந்த நரம்போடும் சேராமல் இரு முனையும் மங்கிப்போகும் ஒரு கோடு தெரியும். இதுதான் போலி நரம்பு, குடும்பத்தின் முத்திரை. தேனீயைப் பார்த்து ஏமாறாமல் காப்பதும் இதுவே. இதை வரையாத குறிப்பை முழுமையானதாக ஏற்கமுடியாது.

இனத்துக்கு வருவோம். மார்பின் இரு ஓரத்திலும் தெளிவான மஞ்சள் கோடு ஓடினால் இஸ்கியோடன் ஸ்கூட்டெல்லாரிஸ் என்று சந்தேகிக்கலாம். ஆணின் பின்கால் உடலோடு சேரும் அடிப்பகுதியில் மெல்லிய முள் நீட்டியிருந்தால் உறுதி. வயிற்றின் மூன்றாம், நான்காம் வளையங்களில் தடித்த கறுப்புப் பட்டையோடு இன்னொரு மெல்லிய பட்டையும் இருந்தால் எபிசிர்பஸ் பேரினத்தின் பக்கம் போங்கள். எபிசிர்பஸ் பால்டியேட்டஸ் கூட்டுக்குள் சூட்டில் வளர்ந்தால் கறுப்புக் குறையும், குளிரில் வளர்ந்தால் கூடும். ஆகவே ஐரோப்பியப் படங்களைவிட எங்கள் வெக்கையில் வளர்ந்தது வெளிறியே இருக்கும். பட்டையின் அகலத்தை நம்பாமல் அமைப்பை நம்புங்கள். இந்த இரண்டு இனங்களிலும் கண்கள் உச்சியில் ஒட்டினால் ஆண், இடைவெளி இருந்தால் பெண்.

உலர்த்தியபின் வெற்றுக் கூட்டையும் அதே ஊசியில் சிறு ஜெலற்றின் குளிசைக் கூட்டில் இடுங்கள். சீட்டில் ஊர், பயிர், கூடு எடுத்த தேதி, வெளிவந்த தேதி நான்கும் வேண்டும். பலர் கடைசித் தேதியை விட்டுவிடுகிறார்கள்.