மஞ்சளாக மாறாத குடுவை

திங்கட்கிழமை காலை ஆய்வகத்தில் இரண்டு குடுவைகளில் ரத்தப் புற்றுநோய்ச் செல்களைப் போட்டேன். இரண்டிலும் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம். ஒன்றில் ஒரு மைக்ரோமோலார் அளவுக்கு இமாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்து. இன்னொன்றில் மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும். 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. மருந்து போடாத குடுவையில் மீடியம், அதாவது செல்கள் வளரும் திரவம், மஞ்சளாகிக் கலங்கிக் கிடந்தது. மருந்து போட்டது திங்கட்கிழமை ஊற்றிய அதே ரோஜா நிறத்தில் இருந்தது. செல்கள் பெருகப் பெருக அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலம் பட்டால் மீடியத்தில் உள்ள ஃபீனால் ரெட் என்ற நிறமி மஞ்சளாகும். நிறம் மாறவில்லை என்றால் உள்ளே பெருக்கம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

மருந்து போட்ட குடுவையிலிருந்து ஒரு துளி எடுத்து ட்ரைபான் புளூ என்ற நீலச் சாயம் கலந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். உயிருள்ள செல் நிறத்தை உள்ளே விடாது, முத்து மாதிரி பளபளக்கும். செத்த செல் நீலத்தைக் குடித்துவிடும். கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டு போனால் எங்கே பார்த்தாலும் நீலம். எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. காரணம் எங்கள் பெரிய மாமா.

2019இல் அவர் இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது, இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்றார். மண்ணீரல் வீங்கியிருந்தது. வெள்ளையணு இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. சிஎம்எல் என்கிற ரத்தப் புற்றுநோய். அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரோடு 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. அதே இமாட்டினிப்.

அது என்ன செய்கிறது என்று மாமா கேட்டபோது இப்படித்தான் சொன்னேன். மாமா, உங்க ரத்தச் செல்லில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டை மாற்றி ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒட்டின இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்று ஒரு புரதம் உருவாகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்ற புரதங்கள் மேல் ஒட்டுவதுதான் அதன் வேலை. அப்படி ஒட்டினால் "பெருகு" என்று செல்லுக்குக் கட்டளை போகும். சாதாரணச் செல்லில் அந்தக் கட்டளை தேவையானபோதுதான் வரும். இங்கே சுவிட்ச் ஆனிலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. ஏடிபி வந்து உட்காரும் குழியில் இமாட்டினிப் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்தப் புரதம் மூடிய நிலையில் இருக்கும்போது பிடித்து அப்படியே பூட்டிவிடும். ஏடிபிக்கு இடமில்லை, பாஸ்பேட் இல்லை, கட்டளையும் இல்லை. அந்தக் கட்டளையை நம்பியே வாழ்ந்த செல் பெருகுவதை நிறுத்தும், அப்புறம் செத்தும் போகும்.

"சரி, அப்ப ஒரு தடவை போட்டா போதாதா?" என்றார். நல்ல கேள்வி. மருந்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை, விலகி வெளியே வந்துவிடும். கொஞ்ச நேரம் மட்டும் மருந்தில் வைத்து நன்றாகக் கழுவிய செல்கள் மறுபடி பெருகியதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் தினமும் மாத்திரை. அதற்குப் பிறகு மாமா ஒருநாள்கூட விட்டதில்லை. கண்ணைச் சுற்றி வீக்கம், ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

இந்த மாத்திரையும் ஒரு காலத்தில் எஸ்டிஐ571 என்ற எண்ணோடு திரிந்த சோதனை மருந்துதான். 1996இல் அமெரிக்காவின் ஓரிகானில் மருத்துவர் பிரையன் ட்ருக்கரின் குழு நோயாளிகளிடம் எடுத்த செல்களில் இதைப் போட்டுப் பார்த்தது. பிசிஆர்-ஏபிஎல் உள்ள செல் கூட்டங்கள் 92 முதல் 98 சதவீதம் குறைந்தன, சாதாரணச் செல் கூட்டங்கள் குறையவில்லை. 1998 ஜூனில் மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்டர்ஃபெரான் ஊசி பலிக்காதவர்களில் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் சீரான அளவுக்கு வந்தன. முதல் கட்டச் சோதனையில் இப்படி ஒரு எண்ணிக்கை வரும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்! 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இங்கே அது எங்கள் கைக்கு எட்டியதற்கு இன்னொரு கதை உண்டு. அசல் மருந்து அப்போது மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். 2006இல் சென்னை காப்புரிமை அலுவலகம் அசல் மருந்துக் கம்பெனியான நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு நீண்டு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. மாமா சாப்பிடுவது இந்தியக் கம்பெனி மாத்திரை. அசல் விலைக்கு அவர் எங்கே போவார்?

சிலருக்கு மருந்து கேட்காமல் போவதும் உண்டு. அந்தப் புரதத்தின் 315ஆவது இடத்தில் த்ரியோனைன் என்ற அமினோ அமிலம் போய் ஐசோலூசின் என்ற வேறொன்று வந்துவிட்டால் குழிக்குள் இமாட்டினிப் பொருந்தாது. அந்த மாற்றத்தையும் சமாளிக்க பொனாட்டினிப் என்ற மருந்து வந்தது. அசிமினிப் என்ற இன்னொரு மருந்து இந்தக் குழிப்பக்கமே போகாமல், அதே புரதத்தில் வேறொரு குழியில் உட்காருகிறது.

நான் வளர்க்கும் செல்களுக்கு கே562 என்று பெயர். 1970களில் அமெரிக்காவில் இதே நோய் முற்றிய 53 வயதுப் பெண்மணி ஒருவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்தவை. அவர் காலத்தில் இந்த மாத்திரை இல்லை. மாமாவுக்கும் நோய் தெரிந்தபோது 53 வயது. மூன்று நாளைக்கு ஒருமுறை மீடியம் மாற்றும்போது இரண்டு பேரையும் நினைத்துக்கொள்கிறேன்.