பழைய அம்பாசிடரில் லைட் மங்கினால் எங்கே பார்க்க வேண்டும்

பழைய காரில் ஹெட்லைட் மங்கினால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறார்கள். ஃபிலமென்ட் அறுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், சரி. ஆனால் எரிகிறது, மங்கலாக எரிகிறது என்றால் பல்பு மேல் தப்பு இருப்பது அபூர்வம். அதற்குப் போய்ச் சேர வேண்டிய வோல்டேஜ் வழியில் எங்கோ தொலைந்துகொண்டிருக்கிறது. அதைத் தேடாமல் 100 வாட்ஸ் பல்பு வாங்கி மாட்டினால் கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும், அப்புறம் சுவிட்ச் சூடாகும், ஹோல்டர் உருகும், ஒரு நாள் இரண்டு லைட்டும் சேர்ந்து அணையும்.

எங்கள் வீட்டில் இருப்பது 1986 மார்க் 4 அம்பாசிடர். ஊர் செங்கோட்டை. மேற்கே புளியரை தாண்டி ஏறினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று கேரளம் தொடங்கிவிடும், உறவும் வேலையும் இரண்டு பக்கமும் இருப்பதால் அந்த மலைப்பாதையில் இருட்டிய பிறகு போகாமல் இருக்க முடியாது. வளைவில் எதிரே மரம் ஏற்றிய லாரி வரும், மூடுபனி இறங்கியிருக்கும், ஓரத்தில் ஆள் நடந்துபோனால் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். அங்கே மங்கலான ஹெட்லைட்டோடு போவது நமக்கும் எதிரே வருகிறவருக்கும் ஆபத்து. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இன்னொரு காரணம் ஈரம். ஜூனில் சாரல் ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரைக்கும் இங்கே எதுவும் ஒழுங்காகக் காயாது. வயர் முனையில் இருக்கும் செம்பு பச்சையாகக் களிம்பு ஏறிவிடும், போல்ட் துருப்பிடிக்கும். மதுரையிலோ விருதுநகரிலோ இருபது வருஷம் தாங்குகிற ஜாயின்ட் இங்கே அவ்வளவு தாங்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் பல்புக்குப் போனால் மட்டும் போதாது, பல்பிலிருந்து பேட்டரியின் நெகடிவ்வுக்குத் திரும்பியும் வர வேண்டும். காரில் அந்தத் திரும்பும் வழி பெரும்பாலும் வண்டியின் பாடிதான். எர்த் என்று நாம் சொல்வது அதைத்தான். பழைய காரின் லைட் கோளாறுகளில் பெரும்பங்கு இந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். ஆனால் யாரும் அங்கே கை வைப்பதில்லை.

தென்காசிப் பக்கம் வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். நான் பல்பு ஹோல்டரைக் கழற்றி மல்டிமீட்டர் (வோல்டேஜும் கரண்டும் அளக்கிற கருவி) வைத்து, “பன்னெண்டு வோல்ட் வருதே அண்ணாச்சி” என்று சொன்னதற்கு, “தம்பி, மீட்டர் காட்டுதுன்னு நம்பாத. பல்ப எரியவிட்டு அப்புறம் பாரு” என்றார். நான் கற்ற எல்லாவற்றிலும் முக்கியமானது இந்த ஒன்று. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை, அதனால் ஒரே ஒரு இழை மிச்சமிருக்கிற வயரிலும் அது 12 காட்டும். 55 வாட்ஸ் பல்பு நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் ஒரு களிம்பேறிய ஜாயின்டில் 0.2 ஓம் தடை இருந்தால் போதும், கிட்டத்தட்ட ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும், கூடவே அந்த ஜாயின்டில் நாலு வாட்ஸ் சூடும் உண்டாகும். பிளாஸ்டிக் கனெக்டர் பழுப்பாகிக் கருகுவது இந்தச் சூட்டால்தான். ஒரு வோல்ட்தானே என்று விட முடியாது, ஏனென்றால் ஃபிலமென்ட் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும்.

பார்க்கும் முறை சுலபம். ஹெட்லைட்டை எரியவிட்டு மீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகடிவ் கம்பத்தில் வையுங்கள், சிவப்பு முனையை பல்பு ஹோல்டரின் கருப்பு வயரில் வையுங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் குற்றவாளி சிக்கிவிட்டது. அடுத்து சிவப்பு முனையை பேட்டரி பாசிடிவ்விலும் கருப்பு முனையை ஹோல்டருக்குள் வருகிற லைவ் வயரிலும் வைத்தால் போகிற வழியில் எவ்வளவு தொலைகிறது என்று தெரியும். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச், கனெக்டர் என்று முனையை நகர்த்திக்கொண்டே போங்கள், எங்கே அளவு சட்டென்று மாறுகிறதோ அங்கேதான் கோளாறு.

எர்த்தைச் சரிசெய்ய பெரிய செலவில்லை. போல்ட்டைக் கழற்றி அடியில் இருக்கும் பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிய வைத்து, வயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டுகிற உலோக வளையம்) அடித்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதற்குப் பிறகு மேலே வாசலின் தடவ வேண்டும். டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வந்த வண்டியில் இதைக் கட்டாயம் பாருங்கள், டெயில் லேம்ப் உட்காருகிற இடத்தில் புதுப் பெயின்ட் மொத்தமாக ஏறி எர்த்தே இல்லாமல் செய்துவிடும். நான் ஹெட்லைட் இரண்டிலிருந்தும் தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் கருப்பு வயர் இழுத்து நேராக பேட்டரி நெகடிவ்வில் கொடுத்திருக்கிறேன், பாடியை நம்பவே வேண்டியதில்லை.

இன்ஜினையும் பாடியையும் சேர்க்கிற பட்டையான எர்த் வயரையும் மறந்துவிடாதீர்கள். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ செல்ஃப் மெதுவாகச் சுற்றும், செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் கை வைக்க முடியாமல் சுடும். அவ்வளவு பெரிய கரண்டும் அந்த மெல்லிய கேபிள் வழியே திரும்பப் பார்க்கிறது. இதைப் பார்த்து பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பின்னால் வேறு ஒரு வேடிக்கை நடக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்ப்பும் சேர்ந்து கண் சிமிட்டும். இதைப் பேய் என்றுகூடச் சொல்வார்கள். அந்தப் பக்க டெயில் லேம்ப்பின் எர்த் போய்விட்டது, அவ்வளவுதான். பிரேக் லைட்டின் கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்து ஃபிலமென்ட்டுக்குள் தலைகீழாகப் புகுந்து, அந்த வயர் வழியாக வேறு பல்பின் எர்த்தைத் தேடிப் போகிறது. நல்ல எர்த் ஒன்றிலிருந்து தற்காலிகமாக ஒரு வயர் எடுத்து ஹோல்டரின் உடம்பில் தொட்டுப் பாருங்கள், எல்லாம் உடனே ஒழுங்காக எரிந்தால் முடிந்தது கதை.

எர்த் சரியாக இருந்தும் டெயில் லேம்ப் குழப்பினால் பல்பைக் கழற்றிப் பாருங்கள். அது 21/5 வாட்ஸ் இரட்டை ஃபிலமென்ட் பல்பு, 21 பிரேக்குக்கு, 5 டெயிலுக்கு. பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் வேண்டுமென்றே ஒரே உயரத்தில் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். யாராவது பலமாகத் திருப்பி மாற்றிப் போட்டிருந்தால் டெயில் லேம்ப் போட்டதுமே பிரேக் பிடித்த மாதிரியே வண்டி ஓடும்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் சிமிட்டாமல் நின்று எரிந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கலாம். இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கிற ஃப்ளாஷர், பழைய வகையாக இருந்தால், பல்பு இழுக்கும் கரண்டின் சூட்டில்தான் வேலை செய்கிறது, கரண்ட் குறைந்தால் அதன் தாளம் மாறிவிடும். எல்ஈடி பல்பு மாட்டியதும் இண்டிகேட்டர் சிமிட்டவில்லை என்று பலர் கேட்பதற்கும் காரணம் இதுதான், எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் போட வேண்டும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் அந்த இடத்தில் ஈயத்தாளோ செம்புக் கம்பியோ சுற்றுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வண்டி எரிந்துபோகும். ஃபியூஸ் இருந்த இரண்டு முனைகளுக்கு நடுவே 21 வாட்ஸ் பல்பு ஒன்றை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அதைத் தாண்டி கரண்ட் போகாது, வயருக்கும் ஆபத்தில்லை. இப்போது அந்த லைனில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், வயர்க்கட்டை அசைத்துப் பாருங்கள், பல்பு அணைகிற இடத்தில் ஷார்ட் இருக்கிறது. டிக்கி மூடியின் கீல் பக்கம் நம்பர் பிளேட் விளக்குக்குப் போகிற வயர், இன்ஜின் பக்கத்துத் தகட்டில் ரப்பர் வளையம் போன ஓட்டை, ஹார்ன் வயர், இவைதான் வழக்கமான இடங்கள். வயல் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வயர் கலர் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வழி வந்தது, அதனால் வயரிங்கும் லூக்காஸ் என்கிற பிரிட்டிஷ் கம்பெனியின் முறைதான். கருப்பு எர்த், பழுப்பு பேட்டரியிலிருந்து நேரடி, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பின் ஃபியூஸ் தாண்டியது, சிவப்பு பார்க் மற்றும் டெயில். நீலம் ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு இருந்தால் பிரைட், சிவப்புக் கோடு இருந்தால் டிம். முப்பது வருஷத்தில் யாராவது கையில் கிடைத்த வயரை இழுத்திருப்பார்கள், அதனால் மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

லூக்காஸ் முறை வயரிங் உள்ள பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது, மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகத்தான் போகும். அதனால் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்கிற சுவிட்ச்) போடச் சொல்வேன். அதன் முனைகளில் எண் போட்டிருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. சுவிட்ச் தாங்க வேண்டிய 9 ஆம்பியர் கால் ஆம்பியருக்குள் வந்துவிடும். ஃபியூஸும் இரண்டாகத் தனித்தனியே இருக்கட்டும், ஒன்று போனாலும் வளைவு நடுவில் முழு இருட்டாகாது.

கடைசியாக, நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிற கேஸ். நெகடிவ் டெர்மினலைக் கழற்றி, கம்பத்துக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் போய்விடும். கம்ப்யூட்டர் இல்லாத வண்டியில் மியூசிக் சிஸ்டத்தின் சில மில்லி ஆம்பியர் தவிர எதுவும் காட்டக் கூடாது. 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்தாலும் குறையவில்லையென்றால் பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் வயரைக் கழற்றுங்கள், அப்போது அளவு விழுந்தால் உள்ளே டயோடு (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுகிற பாகம்) போயிருக்கிறது. எங்கள் வண்டியில் அதே வேலையைச் செய்கிற பழைய வகை டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறோம், வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் சார்ஜிங் சரி. இன்னும் டைனமோவே இருக்கிறவர்கள் ஐடிலில் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், ரேஸ் கொடுத்து அளந்து பாருங்கள்.