ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறையும்போது பெட் வைப்பதா: மூன்று மாதக் குறிப்பு

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று மாதங்களாக ஞாயிறுதோறும் நான்கு பேர் கூடிப் போக்கர் ஆடி வருகிறோம். காசு கிடையாது, ஆளுக்கு 200 புளியங்கொட்டை. வேலூர் வெயிலில் பகலில் மாடித் தரையில் கால் வைக்க முடியாது என்பதால், தண்ணீர் தெளித்து ஆறவிட்டு, மாலை ஆறரைக்கு மேல்தான் சீட்டுக்கட்டைப் பிரிப்போம். ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேர்வது) ஒரே சீட்டு குறைந்து நின்ற ஒவ்வொரு முறையும் நான் என்ன செய்தேன், எதிரில் இருந்தவர் என்ன செய்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

அதை எழுதத் தூண்டியது ஒரு தோல்வி. என் கையில் ஸ்பேட் ஜாக்கியும் ஸ்பேட் எட்டும். ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ஸ்பேட் ராஜா, ஸ்பேட் ஐந்து, டைமன் ஒன்பது. நான்காவது பொதுச் சீட்டான டர்னில் கிளாவர் இரண்டு. பந்தயமாக நடுவில் சேர்ந்திருந்தது 60 கொட்டை. எதிரில் இருந்தவர் எங்கள் தெருவில் குடியிருக்கும், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் செக் (பெட் வைக்காமல் விடுவது) சொன்னதும் நான் 40 கொட்டையை எண்ணித் தள்ளினேன். அவர் பதற்றமே இல்லாமல், "கையில ராஜா இருக்கும்போது நான் எதுக்கு தம்பி எழுந்து போறேன்?" என்று சொல்லி 40 கொட்டையை வைத்தார். கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் ஆட்டின் மூன்று வந்தது; ஃப்ளஷ் சேரவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் கண்ணில் படாத சீட்டுகள் 46. அவற்றில் ஸ்பேட் 9. ஆகவே ரிவரில் ஃப்ளஷ் சேர ஏறத்தாழ நூற்றுக்கு இருபது வாய்ப்பு. கையில் ஒன்றுமே இல்லாமல் 60-க்கு 40 பெட் வைத்தால், எதிராளி நூற்றுக்கு நாற்பது முறையாவது சீட்டைக் கீழே போட்டால்தான் கட்டும். ஃப்ளஷுக்கு வாய்ப்பு இருப்பதால், அவர் கால் செய்தாலும் (அதே அளவு வைத்துத் தொடர்ந்தாலும்), சேரும் 140 கொட்டையில் ஐந்தில் ஒரு பங்கு எனக்கு வரும் என்று கொள்ளலாம். அதைச் சேர்த்தால் நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டு முறை அவர் விலகினாலே நஷ்டமில்லை. இந்த எண்ணைப் பார்த்துத்தான் நான் இத்தனை நாள் துணிந்து பெட் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். கடைசியில் பேசுபவன் நான் என்பதால், பெட் வைக்காமல் செக் சொல்லியிருந்தால் ரிவர் சீட்டை இலவசமாகவே பார்த்திருப்பேன். அந்த 60-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 12 கொட்டை, சும்மா இருந்தாலே என் கணக்கில் சேர்ந்திருக்கும். பெட் அதைவிட மேலாக இருக்க வேண்டுமென்றால் அவர் மூன்றில் ஒரு முறையாவது விலக வேண்டும். நஷ்டமில்லாமல் இருப்பதும் செக் சொல்வதைவிட மேலாக இருப்பதும் வேறு வேறு என்பது எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது. இது ரிவரில் மேலும் பெட் நடக்காது என்று வைத்துப் போட்ட கணக்கு. இதற்கு மேல், பெட் வைத்த பிறகு அவர் ரெய்ஸ் செய்தால் (பெட்டை உயர்த்தினால்) சீட்டு வருமுன்பே நான் விலக நேரிடும் அபாயமும் உண்டு.

அதன்பின் நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கினேன். வாத்தியார் ஜோடி சேர்ந்தால் விலகுவதே இல்லை. அவருக்கு எதிராக நான் பெட் வைப்பதை நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி நடுத்தர ஜோடியைக்கூட இரண்டாவது பெட்டுக்குக் கீழே போட்டுவிடுவான். அவன் பக்கத்தில் விலகியதற்கான கோடுகள் பாதிக்கு மேல் இருக்கின்றன, ஆகவே அவனிடம் தயங்காமல் 40 தள்ளுகிறேன். என் மைத்துனர் பக்கத்தில் ஒன்பதே கோடுகள்; அதை வைத்து எதையும் தீர்மானிக்க மனம் ஒப்பவில்லை.

சென்ற ஞாயிறு வாத்தியாருக்கு எதிராக மறுபடியும் அதே நிலை வந்தது. செக் சொன்னேன். ரிவரில் ஸ்பேட் நான்கு இறங்கியது; 30 வைத்தேன்; ராஜா ஜோடியோடு அவர் கால் செய்தார். ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) இரு முனையிலும் காத்திருக்கும் கைகளுக்கு 9-க்குப் பதில் 8 சீட்டு என்று மாற்றி, அடுத்த வாரத்திலிருந்து தனியாகக் குறிக்கப்போகிறேன்.